விருந்தோம்பும் குடும்பம் (மானிடவியல் கள ஆய்வு)

கள ஆய்வுக்கு வரும் மானிடவியலாளரைத் தம் வீட்டில் தங்கவைத்து, உணவிட்டு, ஊர்வழக்கம் கற்றுத்தரும் குடும்பம். பல சமூகங்களில் ஆய்வாளர் வாடகைக்கு இருப்பவராக அன்றி, மகளாகவோ மகனாகவோ முறை பெறுகிறார். முறையோடு கடமைகளும் வந்துசேரும்.

இவ்வுறவை மிக நேர்மையாகப் பதிவுசெய்த நூல்களில் ஒன்று, அமெரிக்கரான ஜீன் பிரிக்ஸ் எழுதிய 'நெவர் இன் ஆங்கர்' (1970). 1963இல் கனடாவின் ஆர்க்டிக் பகுதியிலுள்ள சான்ட்ரி இன்லெட்டுக்குச் சென்ற அவரை உட்கு இனுயிட் குடும்பம் ஒன்று மகளாக ஏற்றது. தேநீர் காய்ச்சுவதும் தந்தை சொல் கேட்பதும் மகளின் பங்கு. அவருக்கோ குறிப்புகளைத் தட்டச்சு செய்யத் தனிமை வேண்டியிருந்தது. உட்கு மக்கள் சினம் காட்டுவதைக் குழந்தைத்தனமாகக் கருதினர். கோடையில் மீன்பிடிக்க வந்த வெள்ளையர்கள் ஊரின் இரண்டு கேனோக்களில் ஒன்றைச் சேதப்படுத்திவிட்டு மற்றதையும் கேட்டபோது, பிரிக்ஸ் ஊராருக்காக அவர்களிடம் சீறினார். ஆனால் படகைத் தரலாம் என்றே வீட்டுத் தலைவர் முடிவு சொன்னார். நல்லெண்ணத்தோடு பேசிய விருந்தாளி, வீட்டாரின் முடிவுரிமையையே தாண்டிவிட்டார். அதன்பின் மாதக்கணக்கில் குடும்பம் அவரிடமிருந்து விலகி நின்றது. உணவும் உதவியும் நிற்கவில்லை. நெருக்கம் மட்டும் அற்றுப்போயிற்று. அவர் சினந்தது உட்கு மக்களுக்காகவே என்று விளக்கி, ஜோவா ஹேவனில் வாழ்ந்த இனுயிட் பெண் ஒருவர் எழுதிய கடிதமே பிணக்கைத் தீர்த்தது.

ஆய்வாளரின் தலையாய பொறுப்பு ஆராயப்படும் மக்களுக்கே என்று அமெரிக்க மானிடவியல் சங்கம் 1971இல் வகுத்தது. மகளாக இருந்து கேட்டவற்றில் எதை அச்சிடலாம் என்பதையும் அக்குடும்பத்திடமே கேட்கவேண்டும்.