டீக்கடைக்குப் போன வரலாறு: தருமபுரிச் சேரியிலிருந்து சில குறிப்புகள்

எங்கப்பா டீ குடிக்க அரூர் போவார்.

எங்க காலனியிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஊருக்குள்ளேயே ஒரு டீக்கடை இருந்தது. பெஞ்சு உண்டு, ரேடியோ உண்டு, பேப்பர் உண்டு. ஆனாலும் கூலி கைக்கு வந்த நாளில் அவர் டவுன் பஸ் ஏறி, அரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கே ஒரு கடை பெஞ்சில் குந்தி, இரண்டு வடையும் ஒரு டீயும் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவார். 'டீ காசவிட பஸ்ஸு காசு சாஸ்தி. இந்த மனுசனுக்குக் கிறுக்கு' என்று அம்மா திட்டும். அப்பா வாயே திறக்க மாட்டார். நான் ஒன்பதாவது படிக்கும்போது விடாமல் கேட்டதற்கு ஒரே ஒரு தடவை சொன்னார்: 'அங்க என்னை எவனுக்கும் தெரியாதுடா. அதனால கண்ணாடி கிளாஸ்ல குடுக்கறான்.'

பிறகு நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். ஓட்டல்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட எவ்வளவோ கட்டுரைகளைப் படித்தேன். கும்பகோணம் டிகிரி காப்பி, மதுரை இட்லி, தஞ்சாவூர் சாம்பார். எல்லாவற்றிலும் ஒரே சந்தோசம்தான். கடைக்காரர் தூரத்தில் பார்த்ததுமே பேர் சொல்லிக் கூப்பிடுவார், கேட்காமலே பிடித்த பலகாரத்தை இலையில் வைப்பார், அப்பா எப்படி இருக்கார் என்று விசாரிப்பார், அந்தக் கடை இன்னொரு வீடு. படிக்கப் படிக்க எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர்களுக்கு நல்ல கடை என்பது தெரிந்தவன் கடை. எங்களுக்கு நல்ல கடை என்பது தெரியாதவன் கடை. தமிழ்நாட்டு உணவு விடுதிகளின் வரலாற்றை ருசியின் வரலாறாக எழுதியவர்கள், யார் எங்கே குந்தினார்கள், எந்தப் பாத்திரத்தில் குடித்தார்கள் என்பதை அடிக்குறிப்பில்கூடச் சொல்லவில்லை. அந்த விடுபட்ட பக்கத்தில் சில வரிகளை எழுதிப் பார்க்கிறேன்.

காசு கொடுத்தால் யாருக்கும் சோறு என்பது நவீன காலத்தின் ஏற்பாடு. கோயிலுக்கும் சத்திரத்துக்கும் சாதி வேண்டும், கடைக்குக் காசு போதும். அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் இங்கே காசும் சாதியைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரங்களில் பெருகிய காப்பி கிளப்புகள் பெரும்பாலும் பார்ப்பனர்களால் நடத்தப்பட்டவை. 'பிராமணாள்' என்று பலகை தொங்கும். உள்ளே அவர்களுக்குத் தனி இடம், மற்ற சாதியாருக்குத் தனி இடம். பஞ்சமருக்கும் தொழுநோயாளிக்கும் நாய்க்கும் அனுமதியில்லை என்று எழுதி வைத்த கடைகளைப் பற்றிப் பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தவரும் திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறார்கள். அந்த வரிசையைக் கவனியுங்கள். மற்றவர்களுக்குப் பிரச்சினை எந்தப் பக்கம் உட்காருவது என்பது. நமக்குப் பிரச்சினை மனுசக் கணக்கில் வருவது.

சேர்ந்து உண்ணும் கேள்வியைத் தமிழக அரசியலில் பெரிதாகக் கிளப்பியது 1920களின் நடுவில் வெடித்த சேரன்மாதேவி குருகுலப் பிரச்சினை. வ.வே.சு. ஐயர் நடத்திய அந்தக் குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்று தெரியவந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்தார்கள். நியாயமான கொதிப்பு. பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பார்ப்பனருக்குத் தனி இடம் ஒதுக்கும் வழக்கம் 1941இல் ஒழிந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால், பலகையிலுள்ள 'பிராமணாள்' என்ற சொல்லை எடு என்று திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை போனார்கள்.

இந்தப் போராட்டங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. பலகை இறங்கியது நமக்கும் சேர்த்துத்தான். ஆனால் பலகை தொங்கியது நகரத்தில். நாம் இருந்தது கிராமத்தில். கிராமத்துக் கடையில் பலகையே கிடையாது. யாருக்கு எந்த டம்ளர் என்பது எழுதி வைக்காமலே எல்லாருக்கும் தெரியும். கல்லாவில் உட்கார்ந்திருந்தவனும் பார்ப்பான் இல்லை.

கிராமத்துக்கு வந்தது காப்பி அல்ல, டீ. உலகப் பொருளாதார மந்தத்தில் வெளிநாட்டுச் சந்தை சரிந்தபோது தோட்ட முதலாளிகளின் கண் உள்நாட்டுக் கூலிக்காரன் வாய்மேல் விழுந்தது. 1937இல் ஏற்பட்ட தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் ஊர் ஊராகச் சென்று இலவசமாக டீ போட்டுக் கொடுத்துப் பழக்கியது. அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்களில் பெரும்பகுதி யார்? பஞ்சத்தில் சேரிகளிலிருந்து மலையேறிப் போன நம்ம சனம். அட்டைக் கடியில் அவர்கள் பறித்த கொழுந்து தூளாகி, பொட்டலமாகி, ஊர் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. இலை கிள்ளிய கை தீட்டில்லை. கிளாஸைத் தொட்டால்தான் தீட்டு!

எங்க பக்கத்தில் வழக்கம் எப்படி என்பதை இளம் தோழர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். நமக்கு நசுங்கிய அலுமினிய டம்ளர். அது கடைக்கு வெளியே கூரையில் செருகியிருக்கும், இல்லாவிட்டால் ஆணியில் தொங்கும். நாமே எடுத்து, நாமே கழுவி, நீட்ட வேண்டும். கைபடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவான். தரையில் குந்திக் குடிக்க வேண்டும். காசைக் கையில் கொடுக்கக் கூடாது, கீழே வைக்க வேண்டும். குடித்த டம்ளரைக் கழுவி மறுபடி செருகிவிட்டு வர வேண்டும். சில இடங்களில் டம்ளர்கூடக் கிடையாது, கொட்டாங்குச்சி. எங்க தாத்தாவை ஒரு பொடிப்பையன், 'டேய் சின்னா, தள்ளிக் குந்துடா' என்பான். தாத்தா, 'சரிங்க கவுண்டரே' என்பார். பையனுக்கு வயசு பத்து இருக்கும்.

இவ்வளவும் நடந்தபோது சட்டம் இல்லையா? இருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆவது பிரிவு, கடைகளுக்கும் பொது உணவகங்களுக்கும் ஓட்டல்களுக்கும் போவதைச் சாதியின் பேரால் தடுக்கக் கூடாது என்றது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒருபடி கீழே இறங்கி வந்து, உணவகத்தில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதே குற்றம் என்று தனியாக எழுதியது. அதாவது பாராளுமன்றத்துக்கு எங்க ஊர் டம்ளர் தெரிந்திருந்தது. 1976இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாறியது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2015இல் அதைத் திருத்தியபோதும் பாத்திரம் பற்றிய வாசகத்தை மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. அறுபது வருசம் கழித்தும் ஒரு நாட்டின் சட்டம் டம்ளரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது என்றால், டம்ளர் எவ்வளவு கெட்டியானது என்று பாருங்கள்.

அமெரிக்காவில் 1960 பிப்ரவரி 1ஆம் தேதி, கிரீன்ஸ்பரோ நகரத்தில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கான சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். பரிமாற மறுத்தும் எழுந்திருக்கவில்லை. மறுநாளும் வந்தார்கள், கூட்டம் பெருகியது. ஜூலையில் அந்தக் கடை பணிந்தது. 1964இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. அங்கே மக்கள் முதலில் உட்கார்ந்தார்கள், சட்டம் பின்னால் வந்தது. இங்கே சட்டம் அவர்களுக்கு ஒன்பது வருசம் முன்னாலேயே வந்துவிட்டது. உட்காரத்தான் முடியவில்லை. ஏன்? அந்தக் கடைக்காரனோ அவன் பங்காளியோதான் நமக்குக் கூலி கொடுப்பவன். டீ கிளாஸைக் கேட்டால் மறுநாள் காட்டில் வேலை இல்லை. டம்ளர் தொங்கிய ஆணி, நிலத்தில் அடித்த ஆணி.

இதைத் தருமபுரியில் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் 1970களின் கடைசியில் இங்கே வேலை செய்த நக்சல்பாரி இளைஞர்கள். கூலி, கந்துவட்டி, இரட்டைக் குவளை மூன்றையும் ஒரே பிரச்சினையாகப் பேசினார்கள். சேரி ஆட்களோடு, வன்னியர் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கடைகளில் நின்றார்கள். பல கிராமங்களில் தனி டம்ளர் ஒழிந்தது அப்போதுதான். அந்த இயக்கத்தின் பாலன் 1980இல், போலீசின் வேட்டை நடந்த காலத்தில் உயிரிழந்தார். அவருக்கும் அப்புவுக்கும் நாயக்கன்கொட்டாயில் நினைவுச் சின்னம் எழுந்தது.

அதே நாயக்கன்கொட்டாயை ஒட்டியதுதான் நத்தம் காலனி. 2012 நவம்பர் 7ஆம் தேதி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று காலனிகளும் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. ஒரு தலித் இளைஞனும் வன்னியர் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது காரணம். டம்ளர் உடைந்த மண்ணில் வீடு எரிந்தது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள், பீரோ, வண்டி, பிள்ளைகளின் சர்டிபிகேட், எல்லாம் சாம்பல். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கலாம், பெண்ணெடுக்கக் கூடாது. அம்பேத்கர் 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் இதைச் சொல்லிவிட்டார். சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி உணர்ச்சி சாகவில்லை, கலப்பு மணம்தான் மெய்யான மருந்து என்று. அப்படியானால் டம்ளர் போராட்டம் வீணா? வீணில்லை. ஒரே பெஞ்சில் குந்தியவனுக்குத்தான் அடுத்த கேள்வியைக் கேட்கும் தைரியம் வரும். அந்தத் தைரியத்தைத்தான் எரித்தார்கள்.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மறைத்தால் இது வரலாறு ஆகாது. எங்க காலனிக்கு அருந்ததியர் தெருவிலிருந்து ஒரு அம்மா வரும். தண்ணி கேட்டால் எங்கம்மா திண்ணையோரம் கவிழ்த்து வைத்த தனிச் சொம்பில்தான் கொடுக்கும். ஊர்க்கடை டம்ளரைப் பற்றி அழுத அதே அம்மா. நான் காலேஜ் படிக்கும்போது அந்தச் சொம்பைத் தூக்கி வீசினேன். அம்மா ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த அம்மா வந்தபோது எங்க குடத்துச் சொம்பிலேயே தண்ணி கொடுத்தது. கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது என்ன நிலைமை? கூரையில் செருகிய டம்ளரைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. அதனால் ஒழிந்துவிட்டது என்கிறார்கள். முதலில் பிளாஸ்டிக் கப் வந்தது. ஊருக்குக் கிளாஸ், நமக்குக் குடித்துத் தூக்கி எறியும் கப். கேட்டால் 'சுத்தம்' என்பான். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தார்கள். பேப்பர் கப் உட்பட, பிளாஸ்டிக் பூசிய எல்லாவற்றையும் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். கடைகளில் கப் போகவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அகப்படாத இரட்டைக் குவளை அது. கழுவவும் வேண்டாம், சாட்சியும் இல்லை, குப்பையில் போய்விடும். அதற்காகப் பழைய பாத்திரம் செத்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் எங்க மாவட்டத்து மொரப்பூர் பகுதியில், காட்டு வேலைக்குப் போன தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றினார்கள். கம்பைநல்லூர் போலீஸ் வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் போட்டு இரண்டு பெண்களைக் கைது செய்தது. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். கொட்டாங்குச்சியைப் பற்றி எந்த மேடை பேசியது?

எங்க சனம் கண்ட விடை பஸ் ஏறுவதுதான். அப்பா அரூர் போனார். என் சோட்டுப் பையன்கள் பெங்களூர் போனார்கள். அங்கே 1980களிலிருந்து பரவிய தர்சினி ஓட்டல்களில் டோக்கன் வாங்கி, நின்றுகொண்டே தோசை தின்றுவிட்டுப் போகலாம். எவனும் எந்த ஊரு, எந்தத் தெரு என்று கேட்பதில்லை. மேஸ்திரி வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் சொன்னான்: 'அங்க தின்னா செரிக்குதுண்ணா.' ஆனால் அது தப்பித்தல், விடுதலை இல்லை. பேரைத் தொலைத்தால்தான் சோறு மரியாதையாகக் கிடைக்கும் என்றால், மரியாதை நமக்கில்லை, தொலைந்த பேருக்குத்தான்.

போன வருசம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் அதே டீக்கடைக்குப் போனேன். இப்போது கடைக்காரர் மகன் நடத்துகிறார். 'வாங்க' என்றார். பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு பேப்பர் கப்பில் டீ வந்தது. எதிர் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் பேப்பர் கப்தான். எனக்கு நிம்மதி. அப்பா கப்பைத் தொடவில்லை. கல்லாவுக்குப் பின்னால் கழுவிக் கவிழ்த்திருந்த கண்ணாடி கிளாஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்க் கேட்டார்: 'தம்பி, எனக்கு அதுல ஊத்திக் குடு.' அந்த ஊரில் எழுபது வருசம் இருந்தவர் அன்றைக்குத்தான் அப்படிக் கேட்டார். கடை ஒரு நிமிசம் சத்தமில்லாமல் இருந்தது. கடைக்காரர் எதிர் பெஞ்சைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கிளாஸை எடுத்தார். ஊற்றினார். மேசைமேல் வைத்தார், கையில் கொடுக்கவில்லை.

அப்பா குடித்தார். வரும்போது ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் மறுபடியும் அரூர் பஸ் ஏறினார்.

தோழர்களே, ஒவ்வொரு சேரிக்கும் இப்படி ஒரு கடையின் வரலாறு இருக்கிறது. யாருடைய டம்ளர் எங்கே தொங்கியது, எந்த வருசம் இறங்கியது, யார் இறக்கினார்கள், அதற்காக யார் அடி வாங்கினார்கள் என்று உங்க வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், எழுதுங்கள். கையில் வாங்கிக் குடிக்கிற கடை உங்க ஊரில் இருந்தால் அதையும் எழுதுங்கள். எங்கப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.