பழவேற்காடும் மேசைப் போர் விளையாட்டின் உருவ அளவும்

வரலாற்றில் நடந்த போர்களைச் சிறிய படைவீரர் பொம்மைகளைக் கொண்டு மேசைமீது நடத்திப் பார்ப்பது மேசைப் போர் விளையாட்டு எனப்படும். இதில் முதலில் முடிவு செய்ய வேண்டியது பொம்மைகளின் அளவு. பலர் பொம்மையின் அழகில் மயங்கி வாங்கிவிடுகின்றனர். ஆனால் போர் நடந்த நிலத்தைப் பார்த்து அளவைத் தேர்வதே முறை. திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1610இல் டச்சுக்காரர் இங்கே வணிகம் தொடங்கினர். 1612இல் சாந்தோம் போர்த்துக்கீசியர் அவர்களது பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். அடுத்த ஆண்டே கெல்டிரியா கோட்டை எழுந்தது. கோட்டை ஏரிக்கரையில் இருந்தது. எதிரே, ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் இன்று லைட்ஹவுஸ் குப்பம் உள்ளது. (அங்குள்ள கலங்கரை விளக்கம் 19ஆம் நூற்றாண்டினது. 1612ஆம் ஆண்டு மேசையில் அதை வைத்தால் வரலாறு கெட்டுவிடும்.)

வழக்கமான மேசை ஏறத்தாழ 180 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம் கொண்டது. 28 மி.மீ. உயரப் பொம்மை உண்மை மனிதனில் ஏறத்தாழ 56இல் ஒரு பங்கு. அந்த அளவில் மேசையின் நீளம் வெறும் 100 மீட்டரையே குறிக்கும். பண்டகசாலையும் முற்றமும் அடங்கும், ஏரி அடங்காது. 15 மி.மீ. பொம்மை 100இல் ஒரு பங்கு என்பதால் 180 மீட்டர் கிடைக்கும். 300இல் ஒரு பங்கான 6 மி.மீ. பொம்மைக்கும் 540 மீட்டர்தான்! கோட்டை, முகத்துவாரம், மணல்திட்டு மூன்றையும் ஒருங்கே காட்ட அதுவும் போதாது.

ஆகவே ஆட்டக்காரர்கள் நிலத்துக்குத் தனி அளவு வைத்துக்கொள்கின்றனர். நிலத்தை 1,000இல் ஒரு பங்காகச் சுருக்கினால் மேசையில் 1.8 கி.மீ. அடங்கும். அப்போது 28 மி.மீ. பொம்மைக்குப் பொருந்தும் ஒரு வீடு ஒரு தெருவையே விழுங்கிவிடும், 6 மி.மீ. வீடு சில வீடுகளின் இடத்தை மட்டும் பிடிக்கும். பொம்மை சிறிதாகச் சிறிதாக இந்தப் பொய் குறைகிறது.

இச்சிக்கல் பழையது. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் அமைத்த போர் ஆட்டத்தில் பொம்மையே இல்லை. 8,000இல் ஒரு பங்கு அளவுள்ள வரைபடத்தில் சிறு கட்டைகளே படைகளாயின. மாறாக, 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதிய எச். ஜி. வெல்ஸ், பிரிட்டன்ஸ் நிறுவனத்தின் 54 மி.மீ. அளவுப் பொம்மைகளைக் கொண்டு ஆடினார். மேசை போதாமல் அறையின் தரையே களமாயிற்று.

ஆள் எண்ணிக்கையும் கணக்கில் வரும். 1760இல் வந்தவாசியில் ஆங்கிலேயர் தரப்பில் ஏறத்தாழ 5,000 பேர் நின்றனர். ஒரு பொம்மைக்கு 20 பேர் என்றாலும் ஒரு தரப்புக்கே 250 பொம்மைகள் தேவை. அதற்கு 6 அல்லது 15 மி.மீ. ஏற்றது, செலவும் வண்ணம் தீட்டும் உழைப்பும் குறையும். பழவேற்காட்டுப் பண்டகசாலைத் தாக்குதலை மட்டும், சுவரேறும் வீரனின் முகம் தெரிய ஆட விரும்புவோர் 28 மி.மீ. எடுக்கலாம். படகுகள் முகத்துவாரம் கடந்து வருவதையும் காட்ட வேண்டுமென்றால் 6 மி.மீ. பொம்மையும் தனி நில அளவுமே வழி.