கிரியான் ஆற்றுக்கு அந்தப் பக்கம்

பாகான் செராயிலிருந்து பாரிட் புந்தாரைத் தாண்டினால் பினாங்கு மாநிலம். அந்தப் பகுதிக்கு டிரான்ஸ்கிரியான் என்று பெயர், கிரியானுக்கு அப்பால் என்று அர்த்தம். 1874 பங்கோர் ஒப்பந்தத்தில் எல்லையைத் திருத்தி, பேராக்கிடமிருந்து பிரிட்டிஷ்காரர்கள் வாங்கிக்கொண்ட நிலம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001ல் பேராக்கின் துரோனோவிலிருந்து அங்கேதான் இடம்மாறியது. எங்கள் வட்டாரப் பிள்ளைகளுக்கு அது பக்கத்து ஊர். தாளில் மட்டும் வெளிமாநிலம்.

கட்டணத்தில் இதனால் ஒரு காசு வித்தியாசமில்லை. நம் அரசுப் பல்கலைக்கழகங்கள் கூட்டரசின் பணத்தில் நடப்பவை. 1997ல் வந்த பி.டி.பி.டி.என் கடனும் மாநிலம் பார்ப்பதில்லை. மாநிலம் குறுக்கே வருவது உபகாரச் சம்பளத்தில்தான். யாயாசான் பேராக் போன்ற மாநில அறவாரியங்கள் பொதுவாகக் கேட்பது, நீ எங்கே பிறந்தாய், உன் அப்பா அம்மா எங்கே பிறந்தார்கள் என்பதை.

தோட்டத்து ஜனங்களுக்கு இது லேசான கேள்வி இல்லை. 1950களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது, வேலை போன குடும்பங்கள் எல்லையைப் பார்த்தா நகர்ந்தன? தாத்தா கெடாவில் பால்மரம் வெட்டியிருப்பார். அப்பா அங்கே பிறந்து பேராக்கில் வளர்ந்திருப்பார். பிள்ளையின் சூராட் பெரானாக்கில் பினாங்கு ஆஸ்பத்திரி இருக்கும். "நாம எந்த ஊரு?"ன்னு கேட்டா, பாட்டி தோட்டத்துப் பேரைத்தான் சொல்லும்.

அந்தத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான் 1960ல் சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். பின்னாளில் அங்கத்தினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும் கொடுத்தது. அங்கே கேட்பது பிறந்த ஊரை அல்ல, பங்கை. பத்து வெள்ளிக்கும் வழியில்லாதவர் பிள்ளை அதிலும் வெளியேதான்.

மாநிலப் பணம் மாநிலத்து மக்களுக்கு என்பது நியாயந்தான். ஆனால் யார் மாநிலத்து மக்கள்? கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிமாநில மாணவரிடம் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. அங்கேகூட உள்மாநிலத்தவர் ஆவதற்குப் பிறப்பைப் பார்ப்பதில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே குடியிருந்தாயா என்பதுதான் முக்கிய நிபந்தனை. முப்பது வருஷம் பேராக்கில் மரம் வெட்டியவரின் பேரப்பிள்ளையிடமும் அந்தக் கேள்வியையே கேட்கலாமே.