தெரியாதவரிடம் வேலை பற்றிக் கேட்கலாமா? இணையத் தொழில் தொடர்புகள் எப்படி உதவுகின்றன

தெலுக் பங்லிமா காராங் தொழிற்பேட்டையில் ஆள் தேவை என்றால், அந்தச் செய்தி பெரும்பாலும் புலனக் குழுவில்தான் முதலில் வரும். "எங்க கம்பெனியில ஆள் எடுக்கிறாங்க, ஐசி காப்பி அனுப்பு" என்று மாமாவோ கோயில் நண்பரோ ஒரு வரி போடுவார்.

அதில் தப்பில்லை. ஆனால், அதே வரி உங்கள் தம்பிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போயிருக்கும். உங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வேலைதான் உங்களுக்கும் தெரியவரும். எஸ்கேவிஇ நெடுஞ்சாலையில் ஏறினால் பூலாவ் இண்டா துறைமுகம் பக்கம்தான். அங்கே தளவாடப் பிரிவில் ஒருவரைக்கூடத் தெரியாது என்றால், அந்தப் பக்கத்தால் என்ன பயன்?

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் இதைத்தான் எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் சுமார் 17 விழுக்காட்டினர் மட்டுமே. மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கும் ஆட்கள்.

2022-இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளியான ஆய்வு, சுமார் 2 கோடி லிங்க்ட்இன் பயனர்களின் 5 ஆண்டுத் தரவுகளைக் கொண்டு இதைச் சோதித்தது. மிக நெருங்கியவர்களும் இல்லை, சுத்தமாகத் தெரியாதவர்களும் இல்லை, நடுவில் இருப்பவர்கள்தான் வேலை மாற அதிகம் உதவினார்கள். இருவருக்கும் பொதுவாகச் சுமார் 10 பேரைத் தெரிந்திருக்கும் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அந்த ஆய்வு சொல்கிறது, நம் வட்டாரத்துக்கு அது முக்கியம். கணினிப் பயன்பாடு அதிகமுள்ள துறைகளில்தான் இந்த மேலோட்டமான தொடர்புகள் நன்றாக வேலை செய்கின்றன. அது குறைவான துறைகளில் நெருங்கிய உறவுகளுக்கே பலம். அதாவது, ஆபரேட்டர் வேலைக்கு மாமாவின் ஒரு வார்த்தை இன்னமும் போதும். தானியங்கி இயந்திரப் பராமரிப்புக்கோ, கிடங்கிலிருந்து விநியோகத் திட்டமிடலுக்கோ மாற நினைத்தால் மாமாவைத் தாண்டிப் போக வேண்டும்.

யாரிடம் போவது? பந்திங் போலிடெக்னிக்கில் உங்களுக்கு இரண்டு வருடம் மூத்தவர். பழைய கம்பெனியில் வேறு ஷிஃப்டில் இருந்து, இப்போது ஷா ஆலாமில் இருப்பவர். இவர்கள்தான் அந்த நடு வட்டம். நிறுவனத்தின் தலைமை நிர்வாகிக்கு அழைப்பு அனுப்புவதைவிட இவர்களிடம் பேசுவது எவ்வளவோ மேல்.

எடுத்ததும் "வேலை இருக்கா?" என்று கேட்காதீர்கள். அவரால் ஆம், இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும், பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். பதில் சொல்லச் சுலபமான ஒரே கேள்வி போதும்: "வணக்கம் அண்ணா, நானும் பந்திங் போலிடெக்னிக்தான். நீங்கள் பராமரிப்புப் பிரிவுக்கு மாறியதைப் பார்த்தேன். அதற்கு முதலில் எந்தச் சான்றிதழ் எடுத்தீர்கள்?" படிப்பால் மூத்தவரை அண்ணா, அக்கா என்று அழைப்பதில் தவறில்லை. மனிதவள அதிகாரிக்கு எழுதும்போது மட்டும் அது வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிடுங்கள். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளில் மட்டுமே குறிப்பு எழுத முடியும் என்பதால், ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் பக்கத்தில் 'ஆபரேட்டர்' என்று மட்டும் போட்டால் யார் கண்ணிலும் படமாட்டீர்கள். ஆள் தேடுபவர்கள் சொற்களை வைத்துத்தான் தேடுகிறார்கள். எந்த இயந்திரம், எத்தனை வருடம், ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி, எஸ்கேஎம் எந்த நிலை என்று எழுதுங்கள்.

வேலை தேடுவதை முதலாளி பார்த்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. அந்த அறிவிப்பை ஆள் சேர்ப்பவர்களுக்கு மட்டும் காட்டும் வசதி லிங்க்ட்இனில் உண்டு. உங்கள் நிறுவனத்தின் ஆள் சேர்ப்பவர்களுக்கு அதை மறைக்கவும் அது முயல்கிறது, ஆனால் முழு உத்தரவாதம் தருவதில்லை. இன்றைய வேலையை இழக்க முடியாத நிலையில் இருப்பவர்கள் அந்த வசதியைத் தொடாமல், மேலே சொன்னது போல நேரடியாகச் செய்தி அனுப்புவதே பாதுகாப்பு.

தெரியாதவர்களிடம் பேசத் தொடங்கினால் மோசடிக்காரர்களும் வருவார்கள். நேர்முகத் தேர்வே இல்லாமல் வேலை, பதிவுக் கட்டணம், உடனே டெலிகிராமுக்கு வா என்ற அவசரம், வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு என்ற கேட்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் பேச்சை நிறுத்துங்கள். வெளிநாட்டு வேலை என்று நம்பிப் போய் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடி மையங்களில் சிக்கிய மலேசியர்களின் செய்திகளை நாங்களே பலமுறை போட்டிருக்கிறோம். வேலை உண்மையா என்று அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். பெர்கெசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜோப்ஸ் தளத்தில் இலவசமாகவே வேலை தேடலாம். பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக் காத்திருக்காமல் உடனே வங்கிக்கும், தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கும் அழையுங்கள்.