அட்டை வராத ஊர்கள்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கதையை 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய ஒற்றைப் படுக்கை மருத்துவமனையிலிருந்து சொல்வது வழக்கம். புதிதாகத் தலையெடுக்கும் தொற்றுநோய்களைப் பற்றி இங்கே நடந்துவரும் மேற்படிப்பின் கதையை 1955இலிருந்து தொடங்கலாம். வட ஆர்க்காட்டுக் குழந்தைகளைத் தாக்கிய மூளைக்காய்ச்சலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் உண்டு என்று அந்த ஆண்டில் தெரியவந்தது. இந்தியாவில் அந்நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது அப்போதுதான்.

1980களில் வைரஸ் துறைப் பேராசிரியர் டி. ஜேக்கப் ஜான் மாவட்டம் முழுவதையும் தம் ஆய்வுக்கூடமாக்கினார். அச்சிட்ட அஞ்சலட்டைகள் அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் போயின. குறித்த நோய்களில் ஒன்றைக் கண்டால் மருத்துவர் அட்டையை நிரப்பித் தபாலில் சேர்ப்பார். வந்தவற்றைத் தொகுத்து ‘நதி’ என்ற மாத மடல் அவர்களுக்கே திரும்பிப் போகும். தட்டம்மை எந்த ஊரில் தொடங்கி எந்த ஊருக்கு நகர்கிறது என்பதை மாணவர்கள் அந்த அட்டைகளிலிருந்து படித்தார்கள். விலையுயர்ந்த எந்தக் கருவியையும் விட இந்த ஏற்பாட்டையே நான் உயர்வாக மதிக்கிறேன். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் சேகரித்த ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் வேலூர் ஆய்வகத்தில்தான். 1992இன் இறுதியில் ஓ139 என்ற புதிய காலராக் கிருமி கிளம்பியபோது அந்த மாற்றத்தைப் பதிவு செய்தவர்களில் இக்கல்லூரியின் நுண்ணுயிரியலாளர்களும் இருந்தார்கள்.

ஆனால் அட்டை எழுதுவதற்கு ஊரில் ஒரு மருத்துவர் வேண்டும். 1989இல் மாவட்டம் பிரியும்வரை ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூரும் வட ஆர்க்காட்டில்தான் இருந்தது. சாமை விதைத்தும் புளி உலுக்கியும் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள் அந்த மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. மருத்துவர் எட்டாத ஊரில் வந்துபோன காய்ச்சல் எந்தக் கணக்கிலும் ஏறாது. அங்கே நோயைத் தேடி நாம்தான் வீடு வீடாகப் போக வேண்டும்.

கொக்கிப்புழு ஆய்வு அப்படித்தான் நடந்தது. அது பழைய நோய்தான், ஆனாலும் தொற்றுநோயியல் படிப்பவருக்கு அதைப் போன்ற ஆசிரியர் இல்லை. தேசியக் குடற்புழு நீக்கத் திட்டம் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு மாத்திரை தருகிறது. மண்ணில் வெறுங்காலோடு உழைக்கும் பெரியவர்களின் குடலில் புழு தங்கிவிடுகிறது, மண்ணுக்கு முட்டை மறுபடி வந்து சேர்கிறது. ஊரில் உள்ள எல்லா வயதினருக்கும் மருந்து கொடுத்தால் இந்தச் சுற்று அறுபடுமா? ‘டிவார்ம்3’ ஆய்வு பெனின், மலாவி நாடுகளிலும் இந்தியாவில் திமிரி, ஜவ்வாது மலை வட்டாரங்களிலும் இந்தக் கேள்வியைச் சோதித்தது. கதவைத் தட்டி, குடும்பத்தின் பெயர்களை எழுதி, மல மாதிரிக்கு டப்பா கொடுத்து, மறுநாள் வாங்க வருவதாகச் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு மறுப்பவரிடம் பொறுமையாகப் பேச வேண்டும். வயலுக்குப் போனவரை விட்டுவிட்டால் கணக்கே பொய்த்துவிடும்.

உண்ணிக் காய்ச்சலும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. புதர்ச் சிற்றுண்ணியின் இளம்புழு கடித்த இடத்தில் கருத்த பொருக்கு ஒன்று இருக்கும்; அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் தேடிப் பார்ப்பவருக்கே அது தென்படும். கல்லூரியின் தொற்றுநோய்ப் பேராசிரியர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில் ஏழு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து சிரைவழி செலுத்துவதே மேல் என்று அது காட்டியது. மரணமோ சிக்கலோ நீடித்த காய்ச்சலோ ஒரே மருந்து பெற்றவர்களில் 100க்கு 47, 48 பேருக்கு நேர்ந்தது; இரண்டும் பெற்றவர்களில் 33 பேருக்கு.

சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001இலிருந்து பணியில் உள்ள மருத்துவர்களுக்குக் களத் தொற்றுநோயியல் பயிற்சி தருகிறது. மலையில் வேலை பார்க்கும் இளம் மருத்துவர்கள் அதில் சேர வேண்டும். அவர்கள் படித்து முடிக்கும்வரை அந்த இடங்கள் காலியாகக் கிடக்காதபடி அரசு மாற்று மருத்துவர்களை அனுப்ப வேண்டும்.