குயின்ஸ் ஹோட்டலுக்கு எதிரே

பேராதனையில இருந்து பஸ் ஏறிக் கண்டி டவுனுக்கு வந்தா, எங்க நடை எப்படியும் வாவிக்கரையில்தான் போய் முடியும். எதிரே, தலதா வீதி முனையில், வெள்ளை வெளேரென்று குயின்ஸ் ஹோட்டல். முதலாம் வருஷத்தில் அதன் முன்னால நின்று படம் எடுத்ததோடு சரி. வரலாறு படிக்கத் தொடங்கிய பிறகுதான் அது யாருடைய காசில் எழும்பியது என்ற யோசனை வந்தது.

ஹோட்டல் நிற்கும் இடம் ஒரு காலத்தில் கண்டிப் பிரதானி ஒருவரின் துல்லேவ வளவு. 1815இல் ராஜ்ஜியம் விழுந்தது. வாவியை வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டான். அடுத்து ஆண்டவர்கள் கோப்பித் துரைமார் என்றே சொல்லலாம். அவர்களுடைய தோட்டத் துரைமார் சங்கம் 1854இல் பிறந்ததும் கண்டியில்தான். கோப்பியை இறக்க 1867இல் ரயிலும் வந்தது.

அந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் எங்க பாட்டன் பூட்டன்மார். மன்னார்க் கரையில் தோணி விட்டிறங்கி, காட்டுக்குள்ளால தம்புள்ள, மாத்தளை என்று நூறு மைலுக்கு மேல் நடந்து வந்தவர்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பாதையோரமே செத்தவர்கள் எத்தனை பேர் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் சண்டை பிடிக்கிறார்கள். எண்ணி எழுதி வைக்க யாருக்கு அக்கறை இருந்தது?

ஆனா 1944இல் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்த கதையை எந்த வழிகாட்டியும் சொல்வார். நல்ல கதைதான், நாங்களும் ரசித்துக் கேட்டிருக்கிறோம். நடந்து வந்தவர்களைப் பற்றி ஒருத்தரும் சொன்னதில்லை.

போன மாதம் துணிந்து உள்ளே போனோம். ஐந்து பேருக்கு இரண்டு டீ, அவ்வளவுதான் எங்க வசதி. எங்களில் ஒருத்தியின் அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறவர். அவள் கோப்பையை முகர்ந்து பார்த்து, "நம்ம மலைத் தூள்தான்" என்றாள். பரிமாறிய அண்ணனுக்கு அது காதில் விழுந்துவிட்டது. "எந்தத் தோட்டம் தங்கச்சி?" என்று தமிழில் கேட்டார். அவர் ஊர் தெல்தோட்டைப் பக்கமாம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை போட்ட லூல்கந்துரவுக்குக் கிட்ட. கேட்காமலே இன்னும் மூன்று கோப்பை கொண்டுவந்து வைத்தார்.