சிலுவை

இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் தமிழர் சிலுவை என்பதையே சிங்களக் கிறிஸ்தவர் ‘குருசிய’ என்கிறார்கள். அது போர்த்துகீசியரின் ‘குருஸ்’. தமிழிலும் குருசு, குருசடி என வழங்குகிறது. சிலுவையோ சிரியாக் மொழியின் ‘ஸ்லீவா’. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர் வழியாகத் தமிழுக்கு வந்தது. இரண்டும் இரவல்தானே என்று கேட்கலாம். ஆனால் சிரியாக், இயேசு பேசிய அரமேயத்தின் கிளை. ‘ஸ்லீவா’வின் வேர், ஒருவரைத் தொங்கவிட்டுக் கொல்லும் செயலைக் குறிக்கிறது. குறுக்குக் கோடுகளின் வடிவத்துக்கு முன்பே, இச்சொல்லில் தண்டனை நிற்கிறது. ஆகவே கழுத்துச் சங்கிலியில் மின்னும்போதும் சிலுவையை வெறும் அணியாகப் பார்ப்பது பிழை. அதிகாரம் எளியவரை என்ன செய்தது என்பதை அது சொல்கிறது. தோட்டத் தொழிலாளருக்கு அது அந்நியச் செய்தி அல்ல. ஊவாவுக்கென 1972இல் உருவான பதுளை மறைமாவட்டத்திலும் தவக்காலத் தமிழ் வழிபாட்டின் பெயர் சிலுவைப் பாதைதான்.